விளக்கடியில் அவரை

புரட்டாசி 4, சனி

காலையிலிருந்து தூறல். நோட்டின் முதல் பக்கம். மாலை வகுப்பு டீச்சர் கொடுத்தது. தினமும் ஏதாவது எழுதுங்கள் என்றார். எழுபத்தொரு வயதில் என் பெயரை நானே எழுதினேன். நான்கு முறை. ஐந்தாவது இன்னும் அழகு.

வீட்டுக்குப் பின்னால் கொல்லைக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். ஐந்து சென்ட். சித்திரைக்குப் பிறகு யாரும் கால் வைக்கவில்லை. நானும் மாதம்மாவும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தோம். இடுப்பளவு பார்த்தீனியம். பிழைத்தவை: கத்தரி ஒன்று, கறிவேப்பிலை ஒன்று. அந்தப் பக்கம் கம்பெனி மதில். இந்த வருடம் கட்டியது. அதன்மேல் பனை உயரத்தில் விளக்குக் கம்பம்.

கொல்லை மாதம்மாவுடையது. நான் குவாரியில் கல் உடைத்தவன். மண் என் கைக்குப் புதிது.

மாதம்மா என் மனைவி. வயிற்றில் கட்டி. தை வரை பார்க்கலாம் என்று டாக்டர் எங்கள் மகளிடம் சொன்னார். மாதம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான். அவரைப் பிதுக்கம்பருப்புக் குழம்பு, களியோடு, ஒரு வேளை. மார்கழியில் சந்தையில் கிடைக்குமே என்றேன்.

“சந்தைக் காயில வாசனையே இருக்காது. என் வெதையப் போடு.”

பால் பவுடர் டப்பாவில், சாம்பலில் புரட்டி வைத்திருந்தாள். பாதி வண்டு தின்றது. நல்லது முப்பத்து நான்கு. இந்த வருடமும் போடாவிட்டால் அந்த விதை அவ்வளவுதான். ஆடியில் போட வேண்டியது.

“எப்பப் போட்டா என்னா. அவரை பனி பாத்துத்தான் பூக்கும்.”

புரட்டாசி 12, ஞாயிறு

வெயில். எட்டு நாள் களைக்கொத்தும் கடப்பாரையும். கையில் கொப்புளம். கல்லுக்கு வராத கொப்புளம் மண்ணுக்கு வருகிறது. மண்ணில் கிடைத்தவை: சிமெண்டுச் சாக்கு, கம்பெனிக் கையுறை மூன்று (மூன்றும் இடது கை), மாதம்மா தொலைத்த கரண்டி. கரண்டியைக் காட்டினேன். “அப்பாடா, இனி நிம்மதியா சாவலாம்” என்றாள். சிரித்தாள். பிறகு வலி.

முப்பத்து நான்கையும் ஊன்றினேன். குழிக்கு ஒன்று.

ஐப்பசி 10, திங்கள்

மழை விட்டு விட்டு. வலி மாத்திரைக்காகக் கிருஷ்ணகிரி போனேன். சூளகிரி நிறுத்தத்தில் பஸ்ஸின் பலகையை நானே படித்தேன். யாரையும் கேட்கவில்லை. இருக்கையில் உட்கார்ந்த பிறகும் சிரிப்பு அடங்கவில்லை. வழியெல்லாம் படித்தேன். பஞ்சர் கடை. ஆட்கள் தேவை. வேகத்தடை.

ஆஸ்பத்திரியில் மாத்திரை தரும் அறை. எத்தனை முறை அங்கே நின்றிருக்கிறேன். இன்று கதவுக்கு மேல் எழுத்துக் கூட்டிப் படித்தேன். வலி தணிப்புப் பிரிவு. வேகமாகப் படித்துவிட்டேன் என்று சந்தோஷம். அப்புறம் புரிந்தது. நோய்க்கு என்று ஒன்றும் எழுதவில்லை அங்கே. வலிக்கு மட்டும்.

திரும்பும்போது பலகைகளைப் படிக்கவில்லை.

விதையில் முளைத்தது இருபத்தாறு. குச்சி நட்டாயிற்று.

கார்த்திகை 2, செவ்வாய்

பனி தொடங்கிவிட்டது. திம்மக்கா காட்டில் அவரை பூத்து ஊதாவாக நிற்கிறது. என் கொடிகளில் இலை, இலை, இலை. பூ இல்லை. பால் ஊற்ற வந்த திம்மக்கா கன்னடத்தில் சொன்னாள், “கொப்பரா ஜாஸ்தி ஆயித்து, அண்ணா.” எரு அதிகமாம். நான் எருவே போடவில்லை. அப்படியானால் கண் பட்டிருக்கும் என்றாள்.

மாதம்மா படுத்தபடியே தினமும் கேட்கிறாள். பூ வந்ததா. நாளைக்கு என்கிறேன். இப்போது கஞ்சி மட்டும்தான் இறங்குகிறது.

சாயங்காலம் கொல்லையில் நின்றேன். ஆறரைக்குக் கம்பெனி விளக்கு எரிந்தது. குளியலறைச் சுவரின் நிழல் மண்ணில் கோடு போட்டது போல் விழுந்தது. அந்த நிழலுக்குள் இரண்டு கொடி. இரண்டிலும் பூ. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருபத்து நான்கு கொடி. ஒன்றில்கூட இல்லை. விடியும்வரை எரிகிற விளக்கு. நானும் இதே கொல்லையைத்தான் இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கார்த்திகை 4, வியாழன்

மேகம். கம்பெனி மேலாளருக்கு மனு எழுதினேன். என் முதல் கடிதம். ஒரு பக்கம், இரண்டு நாள். ‘ஐயா, தங்கள் விளக்கால் என் அவரை பூக்கவில்லை. என் மனைவிக்கு உடம்பு முடியவில்லை. ஒரு மாதம் மட்டும் ஒரு விளக்கை அணைக்கவும்.’ கையெழுத்து. கைநாட்டு அல்ல, கையெழுத்து.

கேட்டில் காவலுக்கு இருக்கும் முத்தையா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வாங்கி நின்றபடி முழுவதும் படித்தார். சிரிக்கவில்லை. உள்ளே கொண்டுபோனார். மத்தியானம் மதிலோரம் வந்து கூப்பிட்டார்.

“லைட்ட அணைச்சா களவு போயிருமாம், பெரியவரே. முடியாதுங்காங்க.”

முத்தையா கம்பத்தை அண்ணாந்து பார்த்தார்.

“இங்க ராத்திரியே கெடையாது. ஷிப்டு முடிஞ்சு கொட்டகைல படுத்தா எனக்கே உறக்கம் வரமாட்டேங்கு. அவரைக்கு எப்படி வரும்?”

மிஷின் சுற்றி வந்த கறுப்புத் தார்ப்பாய் இரண்டை மதில்மேலிருந்து தள்ளிவிட்டார்.

ஆறு மணிக்குக் கொடிகள்மேல் போர்த்தினேன். ஆறு குச்சி ஒடிந்தது.

கார்த்திகை 25, வியாழன்

பனி. மூன்று வாரமாக இதே வேலை. ஆறு மணிக்குப் போர்த்து, விடிந்ததும் எடு. பிள்ளையைத் தூங்க வைப்பதுபோல என்று மாதம்மா கேலி. ஒரு நாள் காற்றில் பாய் பறந்து நான்கு கொடி வேரோடு போயிற்று. அவளிடம் சொல்லவில்லை.

இன்று ஒன்பது கொடியில் மொட்டு. ஒரு கொத்தைக் கிள்ளிக் கொண்டுபோய் அவள் மூக்கருகே பிடித்தேன். கண்ணை மூடிக்கொண்டாள். “பூவக் கிள்ளிட்டியே, பாவி” என்றாள். ஆனால் கொத்தைத் திருப்பித் தரவில்லை.

மார்கழி 22, செவ்வாய்

கடும் பனி. காய் பருத்துவிட்டது. தொட்டாலே விரலில் அந்த வாசனை, எண்ணெய்ப் பிசுக்கோடு. தலைகால் புரியவில்லை எனக்கு. ஒன்று விடாமல் பறித்தேன். இலையைப் புரட்டிப் புரட்டிப் பறித்தேன். ஒரு முறம்கூட நிறையவில்லை.

உரித்து ஊறவைத்தேன். பருப்பைப் பிதுக்குவது நான்தான் என்று மாதம்மா பிடிவாதம். தலையணை இரண்டு வைத்து உட்கார வைத்தேன். நான்கு பருப்புக்கு ஒரு முறை இளைப்பாறினாள். மீதியை நான். குழம்பு, களி இரண்டும் நானே. களியில் கட்டி. விரலில் தொட்டு இரண்டு முறை நாக்கில் வைத்தாள். அவ்வளவுதான் முடிந்தது. உப்பு கம்மி என்றாள். விரலை முகர்ந்துகொண்டே இருந்தாள்.

பிறகு கேட்டாள். “வெதைக்கு வுட்ட காய்க்குக் கயிறு கட்டிட்டியா?”

முதல் காய்ப்பில் நல்ல காயாகப் பார்த்துச் சிவப்புக் கயிறு கட்டி விடுவார்கள். கயிறு கட்டிய காயை யாரும் பறிக்க மாட்டார்கள். கொடியிலேயே காய்ந்து அடுத்த வருடத்துக்கு விதை. கட்டச் சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. வருடா வருடம் இதே கொல்லையில் அந்தக் கயிறுகளைப் பார்த்திருக்கிறேன். எதற்கென்று கேட்டதில்லை.

“கட்டிட்டேன்.”

“எத்தன?”

“ஒம்பது.”

“போதும். திம்மக்காவுக்கு ரெண்டு குடு.”

மாதம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். ஒன்றுகூட விடவில்லை.

மார்கழி 25, வெள்ளி

பனி, எதிர் வீடு தெரியவில்லை. நேற்றிலிருந்து மாதம்மாவுக்குத் தண்ணீர் மட்டும், பஞ்சில் நனைத்து. மகள் வந்துவிட்டாள். மத்தியானம் மாதம்மா ஒரு முறை கண் திறந்தாள். என்னைப் பார்த்துச் சொன்னாள்.

“பனியில அவுந்துடும். இன்னொரு முடிச்சு போடு.”

சரி என்றேன்.

பொங்கலோடு பனி போய்விடும். கடைசிக் கொடியில் புதுக் கொத்து நான்கு. அவள் பெட்டியிலிருந்து சிவப்புக் கயிறு எடுத்தேன். காய் இல்லை. பூவின் காம்பில் கட்டினேன். இரண்டு முடிச்சு.

ஆறு மணிக்குப் போர்த்தினேன்.