பொட்டு வைக்காத அத்தை

என் குள்ள மாமாவுக்கு,

நம் செல்விக்குக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உனக்கு இருப்புக் கொள்ளாது. மாப்பிள்ளைக்கு வாலாஜாபாத். தண்டலம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. பனைமரம் மாதிரி உயரம். தாலி கட்டக் குனிந்தபோது அவர் தலைப்பாகை கழன்று உன் மகள் மடியில் விழுந்தது. பந்தலே சிரித்தது. நீ இருந்திருந்தால் உன் சத்தம்தான் பெரிதாகக் கேட்டிருக்கும்.

ஆனால் உன் அம்மாவால் இந்தக் கல்யாணமே நின்றுவிடப் பார்த்தது, தெரியுமா?

அவங்களை நீ கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? படப்பைப் பக்கம் பழைய பங்களா இடிக்கும் வேலைக்குப் போனவன், உன் உயரத்துக்கு ஒரு படத்தைத் தலையில் சுமந்து நடந்தே வந்தாய். எண்ணெய்ச் சாயத்தில் எழுதிய ஒரு பெண்ணின் படம். கருஞ்சிவப்புப் புடவை, மூக்கில் ஒற்றைக்கல், வெறும் நெற்றி. எனக்கு அப்போது கல்யாணமாகி ஆறு மாதம். வயிறு எரிந்தது.

"யாருய்யா இவ?"

"தெர்ல. மேஸ்திரிக்கும் தெர்ல. அடுப்புல போடச் சொன்னாங்கோ. மனசு வரல புள்ள."

"அதுக்குன்னு வூட்டுக்கு இட்டாந்துடுவியா? இவ்ளோ லட்சணமா வேற கீறா!"

"எனக்குத்தான் எங்கம்மா மொகம் தெரியாதே. இவங்க இருந்துட்டுப் போவட்டுமே."

அநாதை விடுதியில் வளர்ந்தவனிடம் அதற்குமேல் என்ன பேசுவது? அன்றைக்கே அவங்களை 'அத்தை' என்று கூப்பிட ஆரம்பித்தேன். உன்மேல் கோபம் வந்தால் அவங்களிடம்தான் புகார் சொல்வேன். "பாரு அத்தை, உன் புள்ள பண்றத." நீ உடனே அடங்கிவிடுவாய்.

ஒன்றில் மட்டும் நீ பிடிவாதம். யார் குங்குமத்தோடு வந்தாலும் தடுப்பாய். "இவங்க எந்த சாமியக் கும்பிட்டாங்களோ, நமக்கு இன்னா தெரியும்? வந்தபடியே இருக்கட்டும்." கடைசியில் ஆஸ்பத்திரியிலும் என் கையைப் பிடித்து இதைத்தான் சொன்னாய்.

பெண் பார்க்க வந்த சம்பந்தியம்மா படத்தைப் பார்த்து, "மாமியாரா? சுமங்கலியா போனாங்களா?" என்றார். எங்கே சம்பந்தம் தட்டிப்போகுமோ என்ற பயத்தில், எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டுவிட்டேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "அப்ப இவங்கதான் உங்க வூட்டுப் பூவாடைக்காரி!" சுமங்கலியாகப் போன அந்த வீட்டுப் பெண்ணைக் கல்யாணத்துக்கு முன்னால் புதுப் புடவை வைத்துக் கும்பிடுவோமே, அதற்கு இவங்கதான் என்று முடிவே செய்துவிட்டார்.

கும்பிடுகிற அன்று அவரே பூவும் குங்குமமுமாக வந்துவிட்டார். "நெத்தி வெறுமையா கீதே, இன்னா மருமவ நீ?" என்று விரலைக் குங்குமத்தில் தொட்டுப் படத்தருகே கொண்டுபோனார். என்னை அறியாமல் அவர் கையைப் பிடித்துவிட்டேன். சம்பந்தி கையை! செல்வி முகம் செத்துப்போனது.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பங்களா, அடுப்பு, உன் விடுதி, உனக்குக் கொடுத்த வாக்கு. பொய் சொன்னதையும் சொன்னேன்.

சம்பந்தியம்மா படத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு மணிக்கட்டைத் தடவிக்கொண்டார்.

"யம்மா, இன்னா புடி! வளையல் தப்பிச்சதே பெருசு. பொய் சொன்னதுக்கு உன்ன அப்பால கவனிச்சிக்கிறேன், சம்பந்தி. யாரோ வேணாம்னு தூக்கிப் போட்டவங்களக் கூட அம்மான்னு வெச்சிக் காப்பாத்தின மனுசன் பொண்ணு, என் வூட்டுக்கு வரக் குடுத்து வெச்சிருக்கணும். பொட்டு பொடவைக்கு வெப்போம், வா. மொகத்துல யாரும் கை வெக்க வேணாம்."

பலகையில் புதுப் புடவையை மடித்து வைத்து, அதற்குப் பொட்டிட்டுக் கும்பிட்டோம். அதுவும் கருஞ்சிவப்புதான், அத்தையைப் பார்த்தே எடுத்தது. அதைக் கட்டிக்கொண்டுதான் செல்வி புகுந்த வீட்டுக்குப் போனாள். திரும்பித் திரும்பிப் பார்த்தாள். என்னையா, படத்தையா?

உன் போட்டோவை அத்தைக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னேன். மாப்பிள்ளை அவர் உயரத்துக்கு ஆணி அடித்துவிட்டார். முதல்தடவையாக நான் உன்னை அண்ணாந்து பார்க்கிறேன்.

வெள்ளிக்கிழமைதோறும் காய்ந்த துணியால் நானே தூசி துடைப்பேன். நான் இருக்கும்வரை அந்த நெற்றியில் யார் விரலும் படாது. எனக்குப் பிறகு செல்வி பார்த்துக்கொள்வாள், சம்பந்தியம்மாவே அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

ஒன்றே ஒன்றுதான் தெரியவேண்டும். அங்கே அவங்களைப் பார்த்தாயா மாமா? பெயர் என்னவென்று கேட்டாயா?

உன் பெண்டாட்டி,
அவங்க மருமகள்,
ராணி