வாயில் வைத்துக் கொடுத்த சொம்பு

நூம்பல்
20-4-1942, திங்கட்கிழமை

மகள் சாமுண்டீஸ்வரிக்கு நைனா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். நம் நாற்றங்காலுக்கு இனி ஏரித் தண்ணீர் கிடையாது. மதகு திறக்கிற வேம்புலியே இன்று காலை வீட்டுக்கு வந்து சொன்னான், நாட்டாண்மை பரந்தாமன் உத்தரவாம்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பத்து நாளாகப் பட்டணத்து ஜனம் பூந்தமல்லி ரோட்டில் மேற்கே போய்க்கொண்டிருக்கிறது, பேப்பரில் பார்த்திருப்பாய். உன் அம்மா வாசலில் பானை வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் நீர்மோர் ஊற்றுகிறாள். சாதி தெரியாதவர்களுக்கு உயரத்திலிருந்து இரண்டு கையிலும் ஊற்றுவதுதானே ஊர் வழக்கம், அவளும் அப்படித்தான் ஊற்றினாள். வெள்ளிக்கிழமை ஒரு நிறைமாதக்காரி வந்தாள், ஒரு கை தலைமூட்டையில், ஒரு கை இடுப்புப் பிள்ளையில், ஏந்தக் கை இல்லை. அம்மா சொம்பை அவள் வாயிலேயே வைத்துக் குடிக்கக் கொடுத்தாள், பிள்ளைக்கும் அதிலேயே. எதிரே நின்ற பரந்தாமன் பார்த்துவிட்டார்.

நேற்று ஊர்க்கூட்டம். இன்னா சாதின்னு கேட்டியா என்றார் பரந்தாமன் உன் அம்மாவிடம். கேக்கல அண்ணாத்தே, உன் பொண்டாட்டி மாசமா ரோட்டுல நின்னாலும் கேக்க மாட்டேன் என்றாள் அம்மா. கூட்டம் சிரித்ததில்தான் அவருக்கு ரோஷம் ஏறியது. சொம்பைக் குளத்தில் போட்டுவிட்டுச் சபையில் விழுந்து கும்பிடணும், இல்லாவிட்டால் தண்ணீர் இல்லை என்றார். நான் ஒரு தப்பு செய்தேன் மகளே, நாற்றை நினைத்து, தெரியாமல் கொடுத்துவிட்டாள் என்று சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, தெரிஞ்சிதான் குடுத்தேன், நாளைக்கும் குடுப்பேன் என்று எழுந்து வந்துவிட்டாள். சொன்னபடி இன்று எல்லோருக்கும் சொம்பைக் கையிலேயே கொடுக்கிறாள். நான் இன்னொரு சொம்பை விளக்கி எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், யாரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. உன் வாசலில் யார் வந்து நின்றாலும் நீயும் கேள்வி கேட்காமல் கொடு, மாமியார் ஏதாவது சொன்னால் என் பேரைச் சொல்.

நீங்கள் இருவரும் நீடூழி வாழ வேண்டும், அம்மாவுக்குத் தனியாக நாலு வரி எழுத மறக்காதே. மத்தியானம் பூந்தமல்லிக்கு நடந்துபோய்த் தண்ணீர் கேட்டு மனு கொடுத்துவிட்டேன். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். நாற்று வியாழன் வரைக்கும்தான் தாங்கும் என்கிறான் வேம்புலி.

இப்படிக்கு
உன் நைனா
கோதண்டம்