சம்பந்தி வீட்டு நாற்காலி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான் நலம், முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போன பிள்ளைபோல என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கும் மனசுக்கும் குறையில்லாமல் இருக்க வேண்டும். ஈரத்தலையோடு அந்தக் குளிரில் வெளியே போகாதே, இதைச் சொல்ல உன் அம்மா இல்லாததால் நானே சொல்கிறேன். நான் அங்கே வர நீ அனுப்பிய விமான டிக்கெட் வந்து சேர்ந்தது. சம்பந்தி எனக்காக அவர் வீட்டில் விருந்து வைக்கப்போவதாகவும் எழுதியிருந்தாய். வருகிறீர்களா என்று நீ ஃபோனில் கேட்டபோதெல்லாம் முழங்கால்மேல் பழியைப் போட்டுவிட்டேன். உண்மை அது இல்லை.

போன சனிக்கிழமை கிளப்பில் எனக்குப் பிரிவு உபசார விருந்து. மீசை அரும்பிய நாளிலிருந்து அங்கே மேசையில் பரிமாறியவன், அன்றைக்கு நானே விருந்தாளி. நீ அனுப்பிய கோட்டையும் பூட்ஸையும் மாட்டிக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரிதான் போனேன். ஆனால் கேட்டைத் தாண்டியதும் கால் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டு சமையலறைக் கதவுக்குப் போய்விட்டது. முன்வாசலில் செக்ரட்டரி பூச்செண்டோடு காத்து நிற்கிறார். சமையல்காரர் தலையில் அடித்துக்கொண்டு, யோவ் பெரிசு, இன்னைக்காவது முன்பக்கமா வரக்கூடாதா என்று கத்தினார். அந்த முன்வாசல் வெள்ளைக்காரத் துரைகள் தங்களுக்கென்று கட்டியது. அவர்கள் கப்பலேறியதும் அவர்களுடைய நாற்காலிகளில் நம் ஆட்கள் உட்கார்ந்தார்கள், சட்டம் மட்டும் கப்பலேறவில்லை. வேலைக்காரனுக்குப் பின்கதவுதான். தங்களுக்குள்ளும் நாயிடமும் இங்கிலீஷ், என்னிடம் மட்டும் தமிழ், அதுவும் வாடா போடா. உன் தாத்தா அந்தச் சாப்பாட்டுக் கூடத்துச் சுவருக்கு வெளியே உட்கார்ந்து, உள்ளே கூரையில் தொங்கிய துணி விசிறியின் கயிற்றை இழுத்தவர். கயிறு போகச் சுவரில் ஒரு ஓட்டை உண்டு. தான் இழுக்கும் காற்று யார்மேல் படுகிறது என்று அவர் பார்த்ததே இல்லை. இப்போது அந்த ஓட்டை வழியாக இன்டர்நெட் ஒயர் போகிறது. அவர் வெளியே உட்கார்ந்தார், நான் உள்ளே நின்றேன், நம் குடும்பத்துக்கு அதுவே பெரிய முன்னேற்றம். அன்றைக்கு உட்காரவும் வைத்தார்கள். எத்தனையோ பேருக்கு இழுத்துப் போட்ட நாற்காலி அவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சூப் வந்தது. எதிரே செக்ரட்டரியின் தம்ளர் காலியாக இருந்ததைப் பார்த்தேன், அவ்வளவுதான் தெரியும், அடுத்த நிமிஷம் தண்ணீர்க் கூஜாவோடு அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று ஒருவர் சொன்னார். விருந்தில் சாப்பிடாமலே வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றிவிட்டு, காலையில் வடித்த சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். உன் அம்மா இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, பிறகு அவளே அழுதிருப்பாள். சொல்ல ஆளில்லாத வீட்டில் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.

இப்போது விளங்கியிருக்கும், நான் எதற்குப் பயப்படுகிறேன் என்று. இந்தக் காலத்துல யாருப்பா அதெல்லாம் பார்க்கிறாங்க என்பாய். சம்பந்தி தங்கமான மனிதர், அவர் பார்க்க மாட்டார், என் கால்தான் பார்க்கும். அந்த வீட்டு மேசையில் அவர் எதிரே நான் எழுந்து நின்றுவிட்டால், உனக்கு எவ்வளவு தலைகுனிவு. அதனால் டிக்கெட்டைத் திருப்பிவிடச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். ஆனால் எழுத எழுத, இந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பதைவிட அங்கே தப்பாக நிற்பதே மேல் என்று தோன்றுகிறது. நான் வருகிறேன். நீங்கள் இரண்டு பேரும் எந்தக் குறையும் இல்லாமல் பல்லாண்டு வாழ வேண்டும். மறக்காமல் ஒன்று செய், விருந்தன்றைக்கு உன் நாற்காலியை என் பக்கத்தில் போடச் சொல். நான் எழுந்தால் யாருக்கும் தெரியாமல் கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிடு.

உன் வரவுக்கல்ல, உன்னிடம் தன் வரவுக்கு நாள் எண்ணும்
அப்பா