இடது பக்கம் திரும்பும் ஊர்

திண்டுக்கல்
4.11.2024

பிராங்க்ளின்,

என் பூட்டனின் ஆட்டத்தைத் திருடி உன் பூட்டன் சவரிமுத்து பேரில் அச்சுக்குக் கொடுத்திருக்கிறாய். ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டேன்; அந்தப் பதிவை நீக்கிவிட்டாய். அதனால் தபாலில் கேட்கிறேன். இதைக் கிழிக்கத்தான் முடியும்.

சவேரியார் கோயில் நூற்றாண்டு மலருக்கு நீ எழுதிய 'புளியங்களம் ஒயிலாட்டக் குழு வரலாறு' பக்கத்தை, அச்சகத்தில் வேலை பார்க்கும் ஷைனி காட்டினாள். "மற்ற ஊர்க் குழுக்கள் வலது பக்கம் சுற்றும்போது நம் குழு மட்டும் இடது பக்கம் சுற்றும். இது சவரிமுத்து வாத்தியாருக்குச் சவேரியார் கனவில் காட்டிய அடி." முதலில் சிரித்தேன். பிறகுதான் குரூப்பில் கேட்டேன்.

உங்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் என் பூட்டன் இன்னாசிமுத்து. கோயில் முன்னால் இருக்கும் மந்தைத் திடலில் எங்கள் தெரு ஆள் கால் வைக்கக் கூடாது. அதனால் வாய்க்காலுக்கு எங்கள் பக்கம் நின்று ஆடிக் காட்டினார். உங்கள் ஆட்கள் எதிரே மந்தையில் நின்று பார்த்து ஆடினார்கள். அவர் வலது பக்கம் திரும்பியது எதிரே நின்றவர்களுக்கு இடது பக்கம் ஆனது. கிட்டே வந்து திருத்த அவரை யார் விட்டார்கள்? நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று கற்றோம். இன்றும் வலது பக்கம்தான் திரும்புகிறோம்.

கல்லூரிக் குழுவில் பக்கத்தில் நின்று ஆடும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் என்மேல் முட்டினாயே, மறந்துவிட்டதா?

மலரில் அவர் பேரைப் போடு.

ரோசலின்

*

புளியங்களம்
9.11.2024

அன்புள்ள ரோஸ்,

நலமா? அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா? குரூப்பில் அப்பாவும் இருக்கிறார், அதனால்தான் நீக்கினேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் கடிதம் வந்த அன்று சாயங்காலம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். குழுவில் புதிதாகச் சேர்ந்த இருவரை மந்தையில் நிறுத்தி, கல்லூரியில் கற்ற வலது திருப்பத்தை ஆடிக் காட்டினேன். இருவருமே இடது பக்கம் திரும்பினார்கள்.

அப்பாவிடம் சொன்னேன். "அந்தத் தெரு ஆளா நமக்கு ஆட்டம் சொல்லிக் குடுத்தான்? வாயக் கழுவுலே" என்றார். செத்த நேரம் கழித்து, "அப்படியே இருந்தாலும் அத எழுதணும்னு என்ன இருக்கு?" என்றார். அவருக்கு முன்பே தெரியும், ரோஸ்.

"ஊர்ப் பெரியவர்கள் பலர் உதவினார்கள்" என்று ஒரு வரி சேர்க்கிறேன். இப்போதைக்கு இவ்வளவுதான் என்னால் முடியும்.

உன் நண்பன்
பிராங்க்ளின்

*

திண்டுக்கல்
13.11.2024

பிராங்க்ளின்,

அவர் ஊர்ப் பெரியவர் இல்லை. ஊர்ப் பெரியவராக இருந்திருந்தால் மந்தையில் நின்று சொல்லிக்கொடுத்திருப்பார்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "பாவம், நல்ல பையன்டி. அவங்கப்பனுக்குப் பயப்படுறான். விட்ரு" என்றாள். நல்ல பையன்கள் பயந்து பயந்து எழுதியதுதான் இந்த வரலாறு.

நீயே நின்று பார்த்துவிட்டாய். இனி தெரியாது என்று சொல்ல முடியாது. பேரைப் போடு.

ரோசலின்

*

புளியங்களம்
22.11.2024

அன்புள்ள ரோஸ்,

மலர் அச்சாகிவிட்டது. ஒரு பிரதி இத்துடன் வைத்திருக்கிறேன். நான் சேர்த்த வரியையும் எடுத்துவிட்டார்கள்.

திருவிழாவுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. முன்வரிசையில் உங்களுக்கு நாற்காலி போட்டுவைக்கிறேன். அதற்கு யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

பிராங்க்ளின்

*

திண்டுக்கல்
26.11.2024

பிராங்க்ளின்,

நாற்காலி வேண்டாம். உட்கார்ந்து பார்க்க நாங்கள் வரவில்லை.

திருவிழா அன்று எங்கள் தெரு ஆட்கள் சலங்கை கட்டி மந்தைக்கு வருகிறோம். உங்கள் வரிசைக்கு எதிரே நின்று ஆடுவோம். நாங்கள் வலது பக்கம் திரும்புவோம், நீங்கள் இடது பக்கம் திரும்புவீர்கள். கண்ணாடியில் பார்த்தது போல இருக்கும். யாரைப் பார்த்து யார் கற்றார்கள் என்பதை அதற்குப் பிறகு எவரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

அறிவிப்பு சொல்பவன் நீ; மைக் உன் கையில்தான் இருக்கும். ஆட்டம் தொடங்குமுன் அவர் பேரைச் சொல். சொல்வாயா, மாட்டாயா? உடனே எழுது.

ரோசலின்

*

திண்டுக்கல்
2.12.2024

பிராங்க்ளின்,

பதில் இல்லை. தபாலில் போட்டால் நாளைத் திருவிழாவுக்குள் சேராது என்று ஷைனியிடம் கொடுத்தனுப்புகிறேன். அவள் காத்திருப்பாள், ஒரு வார்த்தை எழுதிக் கொடு.

அம்மாவும் வருகிறாள். மூட்டுவலியோடு உட்கார்ந்து சலங்கை கோத்தது அவள்தான்.

இன்னாசிமுத்து வாத்தியார். நாளை மைக்கில் சொல்.

ரோசலின்