டைனமோ எந்தப் பக்கம் சுற்றும்?

இன்று காலை உதிரிபாகக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். என் காரில் பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் போய்விட்டது. புதியது ஒன்று, பழுது பார்த்து வைத்தது ஒன்று, பெயர் தெரியாத கம்பெனியின் மலிவானது ஒன்று என்று மூன்றை எடுத்து மேசைமேல் வைத்தார் கடைக்காரர். செம்புக் கம்பியில் பூசிய வார்னிஷ் வாசனை அடித்தது. எதை எடுப்பது என்று யோசிக்க வேண்டியவன், நண்பா, உன்னை நினைத்துக்கொண்டு நின்றேன். நீ கண்ணை மூடி நாற்பது நாள்கூட ஆகவில்லை.

அறுபதுகளின் கடைசியில் நம்மூர்க் கார்களில் ஆல்டர்னேட்டர் ஏது, அந்த வேலைக்கு டைனமோதான். கல்யாண வீடுகளுக்கு நான் வாடகைக்கு ஓட்டிய அந்தக் கிழட்டுக் காரில் அது செத்துப்போனது. பாட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை. எனக்கு அது பிழைப்பு. உனக்கு அதைவிடப் பெரிய விஷயம். நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவி, முசரவாக்கத்தில் தாய்வீட்டில் நிறைமாதமாக இருந்தாள். முதல் பிரசவத்தின்போது மாட்டுவண்டி காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் குழந்தை போய்விட்டது. இந்த முறை என் கார்தான் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தாய்.

புது டைனமோ மதராஸிலிருந்து வர வேண்டும். அந்த விலை எனக்குக் கட்டாது. பழையதைப் பிரித்துப் பார்த்த காயில் கட்டுகிறவர், பதினைந்து நாளாவது ஆகும் என்றார். தங்கச்சிக்கு அத்தனை நாள் இல்லை. மிச்சம் இருந்தது வாலாஜாபாத் காயலான் கடை. அமாவாசையன்று உன் தறி ஓடாது என்பதால் நீயும் கூடவே கிளம்பினாய். பஸ் ஏறியதுமே ஆரம்பித்துவிட்டாய். சுற்றினால் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? நின்றால் எங்கே போகிறது? எனக்கு ஓட்டத் தெரியும், ஓரளவு ரிப்பேர் தெரியும், ஏன் எதற்கு என்று தெரியாது. வாயை மூடிக்கொண்டு வா என்று எரிந்து விழுந்தேன். நீ கோபித்துக்கொள்ளாமல் கண்டக்டரிடம் கேட்கப் போய்விட்டாய்.

எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்று கடைக்காரருக்கே தெரியாத ஒரு டைனமோ கிடைத்தது. தண்டை ஆட்டிப் பார்த்தேன், உள்ளே கார்பன் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். உனக்கு அது போதவில்லை. ஒரு பல்பை ஒயரில் மாட்டச் சொல்லி, கடையில் கிடந்த கயிற்றை டைனமோவின் சக்கரத்தில் சுற்றி வெடுக்கென்று இழுத்தாய். மூன்றாம் இழுப்பில் பல்பு ஒரு கணம் சிவந்தது. இப்படிப் பார்க்கலாம் என்று தெரியாதே என்றார் கடைக்காரர். எனக்கும்தான் தெரியாது.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் உன் வீட்டு வாசலிலேயே அதை மாட்டினேன். இன்ஜின் ஓடியது, பெல்ட் சுற்றியது, சார்ஜ் காட்டும் முள் மட்டும் அசையவில்லை. கடைக்காரன் நம் தலையில் கட்டிவிட்டான் என்று கத்தினேன். நீ கத்தவில்லை. "அங்க எரிஞ்சுதுபா, கண்ணால பாத்தோம். இங்க இன்னா ஆச்சு அதுக்கு?" என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டாய்.

மறுநாள் காலையில் வந்து, இன்ஜினைப் போடச் சொல்லி, பெல்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு காற்றில் ராட்டை சுற்றுவதுபோல் கையைச் சுற்றிப் பார்த்தாய்.

"ராட்டை சுத்தற பக்கமே இழுத்துட்டேன்பா. பெல்ட்டு இதை எதிர்ப்பக்கம் சுத்துது."

விவரம் தெரிந்த நாளிலிருந்து நூல் சுற்றிய கை, அதற்குத் தெரிந்தது ஒரே பக்கம். வேறு எவன் இழுத்திருந்தாலும் இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்திருப்பான். அந்த டைனமோ ஒரு பக்கம் சுற்றினால்தான் மின்சாரம் தரும். அதைக் கழற்றி, உள்ளே இருந்த காயிலின் இரண்டு ஒயர்களை இடம் மாற்றினேன். பாட்டரி ஒயரை அதில் ஒரு நொடி தொட்டு எடுத்தேன். மாட்டி ஓட்டியதும் முள் ஏறியது. நான் பானட்டை மூடப் போனேன், நீ விடவில்லை. ஒயரை மாற்றினால் ஏன் சரியாகிறது என்று உனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அதற்கு ஒன்பதாம் நாள் பொழுது சாயும்போது தங்கச்சிக்கு வலி கண்டது, காரோடு முசரவாக்கம் போய் நின்றோம். உன் மாமியார் அவளைப் பின்சீட்டில் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். ஹெட்லைட் போட்ட பிறகும் முள் இறங்கவில்லை. ஆனாலும் நீ ஓயவில்லை. லைட்டும் எரிந்து சார்ஜும் ஏறுமா, பெல்ட் நழுவினால் எவ்வளவு தூரம் ஓடும் என்று வழியெல்லாம் கேட்டாய். அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போன பிறகும், ஆஸ்பத்திரி வராந்தாவில் பெல்ட்டைப் பற்றியே கேட்டாய். வந்து சேர்ந்துவிட்டோமே, இனி எதற்கு என்றேன்.

"கேட்டுக்கினே இருந்தாதான்பா எனக்கு மூச்சு வருது. வாய மூடினா அந்த மொதல் புள்ள கண்ணுல வந்து நிக்குது."

வெட்கிப்போனேன். இத்தனை வருஷமும் உன்னை வெறும் தொணதொணப்பு என்று நினைத்திருந்தேன். உன் கையைப் பிடித்து உட்காரவைத்து, பெல்ட்டிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததற்குக் கதை கட்டினேன். பாதியில் கதவு திறந்து, பெண் குழந்தை, இரண்டு பேரும் சுகம் என்றார் நர்ஸ். நீ எதுவும் கேட்கவில்லை. அழுதாய், நானும் அழுதேன்.

யாராவது விடாமல் கேள்வி கேட்டால் இன்றும் எனக்கு முதலில் எரிச்சல்தான் வருகிறது. அப்புறம் அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, கேள்வி தீரும்வரை நானும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.