ஞானத்தாய்க்கு ஒரு கட்டம்

குவீன்ஸ்டவுன்
10.8.1986

அன்புள்ள அம்மாவுக்கு, லாசரஸ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நலம். உங்கள் முட்டிவலியை மறைக்காமல் எழுதுங்கள்.

ஞாயிறுகளில் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை பார்க்கிறேன். புரோகிராம் எழுதும் முன் திரையில் என்னென்ன வரவேண்டும் என்று தாளில் வரைந்து, கோயில் அலுவலகத்து பிரிஜட் அக்காவிடம் காட்டினேன். பெயரும் ஞானஸ்நானத் தேதியும் கொடுத்தால் பதிவு வந்துவிடும் என்றேன்.

"தேதி யாருக்குத் தெரியும் லா? சர்டிபிகேட் கேட்டு வர்றவங்க ஞானத்தாய் பேரைத்தான் சொல்வாங்க. உன் தேதி உனக்குத் தெரியுமா, சொல்லு பார்ப்போம்!"

தெரியவில்லை. எரிச்சல்தான், ஆனால் அவர் சொன்னது சரி. தாளைக் கிழித்துவிட்டு, ஞானத்தாய் பெயருக்கும் ஒரு கட்டம் போட்டுப் புதிதாக வரைந்தேன். எழுதி முடித்த பிறகு இது தெரிந்திருந்தால் இரண்டு மாத உழைப்பு வீண். இனித் தடையில்லை, கிறிஸ்துமஸுக்குள் முடித்துவிடுவேன்.

புரோகிராமைச் சரிபார்க்க முதலில் என் பதிவையே போடப்போகிறேன். என் ஞானஸ்நானத் தேதியையும், அன்று என்னைக் கையில் ஏந்திய ஞானத்தாய் பெயரையும் உடனே எழுதுங்கள். அவர் இப்போது எங்கே இருக்கிறார், என்னை எப்போதாவது விசாரிக்கிறாரா என்றும் எழுதுங்கள். அதற்குத் திரையில் கட்டம் கிடையாது, இருந்தாலும் எழுதுங்கள்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உங்கள் மகன்
லாசரஸ்