கூண்டு ஏத்தினால் ஃப்ளைட்டு போகுமா?

கயலுக்கு,

உன் அம்மா அங்காளம்மாள், மீனம்பாக்கத்தில் பெட்டி தள்ளுற வண்டி மேலே உட்கார்ந்து எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உள்ளே இருக்கிற ஆளும் சுகமா?

வெட்கக்கேட்டை முதல்லயே சொல்லிடறேன். உன் பிரசவத்துக்கு வர வேண்டிய ஃப்ளைட்டை அன்னிக்கு நான் தவற விடலை. அது போகாதுன்னு நானே முடிவு பண்ணி, குழம்பு வெச்சுச் சாப்பிட்டுப் படுத்துட்டேன்.

நீ என் போனை எடுக்க மாட்டேங்கறே. அதனால பக்கத்து வீட்டு செபஸ்தியான் மகள் ஜாஸ்மின் கையில் இதைக் கொடுத்து அனுப்பறேன். உங்க ஊர் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்கு இன்னிக்குத்தான் ஏறுறாள். எழுத்து கோணலா இருந்தால் வண்டி ஆடுதுன்னு நினைச்சுக்கோ. அஞ்சாவதோட நின்ன கை.

அன்னிக்கு துறைமுகத்தில் புயல் கூண்டு ஏத்திட்டாங்கன்னு குப்பத்தில் மைக்கில் சொன்னாங்க. போட்டெல்லாம் மேட்டுக்கு இழுத்துக் கட்டியாச்சு. கூண்டு ஏத்தினால் ஒருத்தரும் போகக்கூடாது, அது நம்ம பஞ்சாயத்து கட்டுப்பாடு, உனக்குத் தெரியாததா. கடல்லயே போகக்கூடாதுன்னா அதுக்கு மேலே பறக்கிறவன் மட்டும் எப்படிப் போவான்? ஆட்டோக்கார கபாலி வாசலில் வந்து நின்னு, இன்னாக்கா, கெளம்பலியான்னு கேட்டான். கூண்டு ஏத்திக்கீது, ஃப்ளைட்டு எங்கடா போவுதுன்னு அவனுக்குப் புத்தி சொல்லி, ரெண்டு துண்டு வஞ்சிரமும் கொடுத்து அனுப்பினேன். அவனும் ஆமாக்கான்னு தலையாட்டிட்டுப் போயிட்டான். அந்தப் புத்திசாலியும் நம்ம குப்பம்தானே.

ஃப்ளைட்டு லேட்டாக் கிளம்பினாலும் ஒழுங்காப் போய்ச் சேர்ந்திருக்கு. மாப்பிள்ளை நந்தகுமார் அங்கே நின்னு வந்த முகத்தையெல்லாம் பார்த்திருக்கார். கடைசியில் பெருக்கிறவங்க கூட வெளியே வந்துட்டாங்களாம், மாமியாரை மட்டும் காணோம். இங்கே கரண்டு இல்லை, என் போன் செத்துக் கிடந்தது. எனக்கு என்ன ஆச்சோன்னு நீ அழுது, பிரஷர் ஏறி, ஆஸ்பத்திரியில் வெச்சுப் பார்த்துத்தான் வீட்டுக்கு அனுப்பினாங்களாமே. அதைக் கேட்டதில் இருந்து என் கால் ஒரு இடத்தில் நிக்கலை. பெசன்ட் நகரில் ஒரு தெருவுக்கு மீன் கூடையைத் தூக்கினால் வேற தெருவில் போய் நிக்கிறேன். சங்கரா கேட்டவங்களுக்கு நெத்திலியை அள்ளிப் போடறேன். வீட்டுக்கு வந்தால் பெட்டியைத் திறக்கிறேன், மூடறேன், திரும்பத் திறக்கிறேன்.

மாப்பிள்ளை என்னை ஒரு வார்த்தை திட்டலை. திட்டத் தெரியாதோ என்னமோ, அதை நீதான் கத்துக் கொடுக்கணும். டிக்கெட்டை கிரெடிட் கார்டில் போட்டிருக்கேன் அத்தை, அந்தக் கார்டோட பயண இன்சூரன்ஸ் சேர்ந்து வருது, குடும்பத்துக்கும் உண்டு, கேட்டுப் பார்க்கலாம்னார். அந்தக் கம்பெனியில் இருந்து தாரணின்னு ஒரு பொண்ணு பேசிச்சு. ஏர்லைன்ஸ்காரங்க ரத்து பண்ணாங்களாம்மான்னு கேட்டுச்சு. இல்லைம்மா, நான்தான் ரத்து பண்ணேன்னேன். ரோட்டில் தண்ணி நின்னு வர முடியலையான்னு அதுவே எடுத்துக் கொடுத்துச்சு. அப்படின்னால் பணம் வருமாம். மழைக் காலத்தில் நம்ம ஊரில் தண்ணிக்கா பஞ்சம், ஒரு ஆமாம் போட்டிருக்கலாம். ஆனால் கபாலி ஆட்டோ வாசல் வரைக்கும் வந்துச்சே. தண்ணி இல்லைம்மா, கூண்டு ஏத்தியிருந்துதுன்னேன். என்ன கூண்டும்மான்னு கேட்டுச்சு.

சொன்னேன். உன் நைனா அப்படி ஒரு கூண்டைப் பார்த்துச் சிரிச்சுக்கினே வலையைத் தூக்கினதையும், திரும்பாததையும் சொன்னேன். அன்னிக்கு நீ எங்கே இருந்தேன்னு உனக்குத் தெரியும். இப்போ உன் பிள்ளை இருக்கிற இடத்தில்தான்.

அந்தப் பொண்ணு எல்லாத்தையும் கேட்டு எழுதிக்கிச்சு. அப்புறம், வருத்தமா இருக்கும்மா, ஃப்ளைட்டு போயிருக்கு, நீங்கதான் போகலை, இதுக்கு எங்களால் தர முடியாதுன்னுச்சு. அதுவும் சரிதானே. ஃப்ளைட்டைக் கேட்காமலேயே அதுக்கு லீவு விட்டவள் நான்.

புது டிக்கெட்டுக்குப் பணம் நானே ஏற்பாடு பண்ணி மாப்பிள்ளைக்கு அனுப்பிட்டேன். வந்ததும் என் காதைப் பார்த்து எதையும் கேட்காதே. கம்மல் இல்லாமல் லேசா, நல்லாத்தான் இருக்கு. இந்தத் தடவையும் அதே கார்டில்தான் போட்டிருக்கார். ஃப்ளைட்டு நின்னால் நீங்களா கிளம்பிடாதீங்க அத்தை, அவங்ககிட்டே எழுதி வாங்குங்க, சாப்பிட்ட பில்லைப் பத்திரமா வைங்கன்னு பாடம் எடுக்கிறார். நான் புளிச்சோறு கட்டிட்டு வந்திருக்கேன். அதுக்கு யார்கிட்டே பில் வாங்கறது?

வழி முழுக்க வானத்தையே பார்த்துக்கினு வந்தேன். மேகம் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும். கூண்டு எத்தனாம் நம்பர் ஏத்தினாலும் இந்த வாசலை விட்டு நான் நகர மாட்டேன்.

வலி எடுத்தால் உள்ளே இருக்கிற ஆள்கிட்டே சொல்லு, ஆயா வந்துக்கினு இருக்கா, கொஞ்சம் பொறுன்னு. நீ என்கிட்டே பேசணும்னு இல்லை கயல். கதவை மட்டும் திற. எல்லையம்மன் உன் தலைமாட்டிலேயே இருக்கட்டும், நான் வந்து அவளை மாத்தி விடற வரைக்கும்.

உன் அம்மா,
அங்காளம்மாள்

ஜாஸ்மின் உள்ளே போற அவசரத்தில் நிக்கிறாள், இதையும் எழுதிடறேன். இந்தத் தடவை எதுவும் தப்பாகிடக் கூடாதுன்னு அவள் ஆட்டோவிலேயே நானும் பெட்டியோட ஏறி வந்துட்டேன். வாசலில் துப்பாக்கியோட நிக்கிறவர் ஜாஸ்மின் டிக்கெட்டைப் பார்த்தார், சரின்னார். என் டிக்கெட்டைப் பார்த்தார். என்னோடது நாளைக்குத்தானாம். நாளைக்கு வரச் சொன்னார். உட்கார்ந்திருக்கேன்.